திருடன் வந்த இரவில் துப்பாக்கி எங்கே இருந்தது?

மடிப்பாக்கத்திலிருந்து:

அப்பாவுக்கு 70 வயது கடந்ததும் அவருடைய ஒற்றைக்குழல் 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கி என் பெயருக்கு மாறியது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் அதற்கு இடமுண்டு. வேப்பேரி ஆணையர் அலுவலகத்துக்கு எத்தனை முறை அலைந்தேன் என்பது தனிக்கதை.

துப்பாக்கியோடு பிஸ்கட் டப்பா நிறையத் தோட்டாக்களும் வந்தன. காகித உறை போட்ட பழைய சரக்கு. ஆயுதக் கடைப் பெரியவர் ஒன்றை எடுத்துக் குழலில் நுழைத்தார், பாதியிலேயே நின்றுவிட்டது. "கடற்காற்று, தம்பி. காகிதம் ஊறிப் பருத்துவிட்டது" என்றார். பித்தளை அடிப்பாகத்தில் பாசி போலப் பச்சை படிந்திருந்தது. இத்தனை வருடமும் இதை நம்பியா தூங்கினோம்!

பிறகு எல்ஜி என்ற பெரிய குண்டுத் தோட்டா ஒன்றையும் சிறு ரவைத் தோட்டா ஒன்றையும் மேசையில் வைத்தார். எல்ஜிக்குள் கொண்டைக்கடலை அளவில் ஆறு குண்டுகள். மற்றதில் கடுகு போல நூற்றுக்கணக்கில். "தனி வீடா, அடுக்ககமா?" என்றார். அடுக்ககம் என்றேன். "அப்படியானால் கதவுக்கு அந்தப் பக்கம் யார் படுத்திருக்கிறார்கள் என்று யோசித்து வாங்குங்கள்." சிறு ரவைதான் வாங்கினேன். உரிமப் புத்தகத்தில் எண்ணிக்கையைக் குறித்துக் கொடுத்தார்.

2024 மார்ச்சில் தேர்தல் அறிவிப்பு வந்தது. வழக்கப்படி துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். ஏப்ரலில் ஓர் இரவு, கழிவுநீர்க் குழாயைப் பிடித்து ஒருவன் எங்கள் பால்கனிக்கு ஏறிவிட்டான். மனைவி விளக்கைப் போட்டுக் கத்திய கத்தலில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டுக் குதித்து ஓடினான்.

சவுகார்பேட்டையிலிருந்து:

நகைத் தொழில் என்பதால் .32 ரிவால்வர் வைத்திருக்கிறேன். 2014இல் வந்த நிர்பீக் என்ற ரிவால்வர் அரைக்கிலோதான், பைக்குள் அடங்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் கனம் வேண்டும். கனமிருந்தால் உதைப்பு குறையும். ஆனால் வால்டாக்ஸ் சாலையில் பைக்கில் வந்த இருவர் என் பையைப் பறித்தபோது, சட்டையைத் தூக்குவதற்குள் அவர்கள் திருப்பத்தைத் தாண்டிவிட்டார்கள். கை முந்தியிருந்தாலும் சுட்டிருக்க மாட்டேன். எதிரே இளநீர் வண்டி, அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர்.

மயிலாப்பூர் வழக்கறிஞர்:

சுடாதது நல்லதாயிற்று. தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஓடுகிறவன் முதுகில் பாய்ந்த குண்டுக்கு நீதிமன்றத்தில் விளக்கம் சொல்வது எளிதல்ல. மடிப்பாக்கத்தாருக்கு ஒரு கேள்வி: துப்பாக்கி கையில் இருந்திருந்தால்?

மடிப்பாக்கத்திலிருந்து:

அது பீரோவில், தோட்டா பரண்மேல். ஏணி வேறு வேண்டும். ஜூனில் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிவந்தேன். செருப்பு இன்னும் நிலையத்தில்தான் இருக்கிறது.