ஸ்பெஷல் கான்ஸ்டபுலரி பதக்கம்: சூலூர்க் காவலுக்குக் கொடுத்ததுங்களா?

தாராபுரத்தான்:
கோயமுத்தூர்ல ஒரு பழைய சாமான் கடையில வெண்கலப் பதக்கம் ஒண்ணு கிடைச்சதுங்க. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை. மறுபக்கம் ‘ஃபார் ஃபெய்த்ஃபுல் சர்வீஸ் இன் த ஸ்பெஷல் கான்ஸ்டபுலரி’. நாடாவுல ‘த கிரேட் வார் 1914-18’னு ஒரு பட்டை. 1942-ல ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்துல சூலூர் விமான தளத்தை எரிச்ச பிறகு காவலுக்கு நின்ன உள்ளூர்க்காரங்களுக்குக் கொடுத்ததுன்னு கடைக்காரர் சொல்றார். நம்பலாமுங்களா? கறுத்துக் கிடக்கு, புளி போட்டுத் தேய்க்கலாமா?

நொய்யல்கரை:
நம்ப வேண்டாமுங்க. சூலூர் எரிந்தது 1942 ஆகஸ்ட் 26. ஐந்தாம் ஜார்ஜ் 1936 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். அதோடு பட்டையில் இருப்பது முதல் உலகப்போர்.

இது பிரிட்டனின் பதக்கம், 1919 ஆகஸ்ட் 30-ல் ஏற்படுத்தப்பட்டது. ஸ்பெஷல் கான்ஸ்டபுலரின்னா அங்கே இருந்த தன்னார்வத் துணைப் போலீஸ். போலீஸ் ஆட்கள் போர்முனைக்குப் போனதும், அங்கே கடைக்காரர், குமாஸ்தா போன்றவர்கள் சம்பளமில்லாமல் போலீஸ் வேலை பார்த்தார்கள். குடிநீர் நிலையம், பாலம், ரயில் பாதைக்குக் காவல். செப்பலின் என்ற ஜெர்மன் வான்கப்பல் தாக்குதல் வந்தால் விளக்கை அணைக்க வைப்பது. பேருக்கு வந்துபோனவர்கள் இல்லை: போர்ப் பட்டைக்கு மூன்று வருடச் சேவையும், மொத்தத்தில் குறைந்தது 150 முறை பணியும் தேவை. போர் இல்லாத காலத்தில் ஒன்பது வருடம், வருடத்துக்கு 50 முறை.

மலபார் ஸ்பெஷல் போலீஸோடும் இதைக் குழப்பிக்க வேண்டாம். அது 1921-ல் உருவான சம்பளப் படை. தன்னார்வக் காவல்னா நம்ம பக்கம் ஊர்க்காவல் படைதான், அதற்கான சட்டம் 1963-ல் வந்தது.

பவானிக்கூடல்:
விளிம்பைப் பாருங்க. வாங்கியவர் பெயர் அங்கேதான் இருக்கும். எந்த ஊர்ப் படைன்னு பெரும்பாலும் இருக்காது, அதனால பெயரை மட்டும் வைத்து ஆளைத் தேடுவது சிரமம். விளிம்பு மொழுக்குன்னு இருந்தா சந்தேகப்படணும்: வேறு பெயர் போட்டு விற்க, பழைய பெயரை அரத்தால் ராவியிருப்பாங்க. வெர்னியர் காலிப்பரால் (நுட்பமா அளக்கும் கருவி) நாலஞ்சு கோணத்தில் விட்டத்தை அளந்தா, ராவிய இடத்தில் அளவு குறையும். சரியான அளவு 32 மி.மீ. சுமார்.

நொய்யல்கரை:
புளி, எலுமிச்சை, சாம்பல், பித்தளை பாலிஷ் எதுவும் கூடாதுங்க. கறுப்பு அழுக்கில்லை, நூறு வருடத்து மேல்தோல். புளியின் அமிலம் அதைக் கரைத்து, கீழே இருக்கும் செம்பு இளஞ்சிவப்பாகத் தெரியும். திரும்ப அந்த நிறம் வராது. தேய்த்தா ராஜா முகத்து மேடும் விளிம்பு எழுத்தும் மழுங்கும். காய்ந்த பருத்தித் துணியில் ஒற்றி எடுத்தால் போதும்.

வெளிர்பச்சைத் தூள் துடைத்தபின்னும் திரும்ப வருதான்னு மட்டும் கவனிங்க. குளோரைடு அரிப்புங்க அது. ஈரம் இருக்கிற வரை உள்ளே தின்னுக்கிட்டே போகும். அப்படின்னா மற்ற பதக்கங்களிலிருந்து பிரித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடின டப்பாவில் வைங்க. பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் பசையே பச்சை பிடிக்க வைக்கும்.

தாராபுரத்தான்:
விளிம்பில் பெயர் தெளிவா இருக்குங்க, பச்சைத் தூள் இல்லை. புளியைத் தூக்கி வச்சுட்டேன். நாடா ரொம்ப நைந்திருக்கு, மாத்தலாமா?

பவானிக்கூடல்:
மாத்தாதீங்க. பழைய நாடா அந்தப் பதக்கத்தோடவே வந்ததா இருக்கலாம். பதக்கத்தை நாடாவில் தொங்கவிடாம, படுக்கவச்சு வைங்க.