ஸ்பானிய உள்நாட்டுப் போர்க் காலத்து ஊர் நோட்டு: விளக்கம் தேவை

ராயபுரம் வாசி:
வணக்கம். துறைமுகத்திலிருந்து வெளிநாட்டுக் கப்பல்களில் வேலைக்குப் போய்வந்த என் தாத்தாவின் தகரப் பெட்டியில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு காகிதச் சீட்டு கிடைத்தது. ‘கொன்செல் முனிசிபல்’ (நகர மன்றம்) என்ற தலைப்பு, ஓர் ஊரின் பெயர், 1937 என்ற ஆண்டு, 50 சென்டிம் என்ற மதிப்பு ஆகியவை அதில் உள்ளன. மூலைகள் அழுக்கேறிக் கறுத்து, நடு மடிப்பு கிழியும் நிலையில் இருக்கிறது. பாரிமுனை நடைபாதையில் பழைய நாணயம் விற்பவர் இதை லாட்டரிச் சீட்டு என்கிறார். பணம்தான் என்றால், ஒரு நாட்டின் பணத்தை ஓர் ஊர் மன்றம் எப்படி அச்சிட முடிந்தது?

தங்கசாலைத் தெரு சேகரிப்பாளர்:
நீங்கள் சொல்லும் விவரங்களை வைத்துப் பார்த்தால், இது ஸ்பெயினின் வடகிழக்குப் பகுதியான கட்டலோனியாவின் ஒரு நகர மன்றம் வெளியிட்ட நோட்டு. 1936 ஜூலையில் போர் தொடங்கியதும் மக்கள் முதலில் பதுக்கியது வெள்ளி நாணயங்களைத்தான். ஐந்து பெசெட்டா (அன்றைய ஸ்பெயின் பணம்; நூறு சென்டிம் ஒரு பெசெட்டா) நாணயத்தில் 25 கிராம் எடையில் 90 விழுக்காடு வெள்ளி இருந்ததால், நாளை எந்த அரசு வந்தாலும் அது செல்லும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வெள்ளியைத் தொடர்ந்து செப்புக் காசுகளும் புழக்கத்திலிருந்து குறைந்தன. பெரிய நோட்டுகள் கையில் இருந்தும், ரொட்டி வாங்கினால் மீதி கொடுக்கக் கடைக்காரரிடம் காசில்லை. கட்டலோனியத் தன்னாட்சி அரசு 1936இலேயே 2.50, 5, 10 பெசெட்டா நோட்டுகளை வெளியிட்டது. ஆனால் அதற்கும் கீழே உள்ள சில்லறைதான் அன்றாடச் சிக்கல் என்பதால், நூற்றுக்கணக்கான ஊர் மன்றங்களும், கூட்டுறவுச் சங்கங்களும், தொழிற்சங்கங்களும் தத்தம் அச்சகத்தில் கிடைத்த தாளிலும் அட்டையிலும் அடித்துக்கொண்டன. மதிப்பு பெரும்பாலும் ஒரு பெசெட்டாவைத் தாண்டாது.

பழைய வண்ணாரப்பேட்டை:
மீதிச் சில்லறைக்கு மிட்டாய் கொடுக்கும் நம் மளிகைக் கடை நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த மிட்டாயை மறுநாள் அதே கடையில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்பதுதான் வேறுபாடு. பக்கத்து ஊர்க் கடைக்காரர் இந்த நோட்டை வாங்கினாரா? நம் நாட்டிலும் இரண்டாம் உலகப் போரின்போது காசு தட்டுப்பாடாகி, பூந்தி, ஜூனாகத், மோர்வி போன்ற சமஸ்தானங்கள் சில்லறைக் கூப்பன் வெளியிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

தங்கசாலைத் தெரு சேகரிப்பாளர்:
பக்கத்து ஊரில் அது செல்லும் என்ற உறுதி கிடையாது. ஊர் எல்லைக்குள் கட்டாயம் ஏற்க வேண்டும் என்று பல நோட்டுகளிலேயே அச்சிட்டிருந்தார்கள்; எல்லை தாண்டினால் வாங்குபவரின் விருப்பம். மன்றத்தின் கருவூலத்தில் ஸ்பெயின் வங்கி நோட்டுகள் ஈடாக இருக்கின்றன என்ற வாக்குறுதியும் சிலவற்றில் உண்டு. இந்தக் குழப்பத்தைப் பார்த்துதான் ஸ்பெயினின் குடியரசு அரசு 1938 ஜனவரியில் ஊர் நோட்டுகளைத் தடைசெய்து திரும்பப் பெற உத்தரவிட்டது. அதற்கு மாற்றாக, அஞ்சல் தலை ஒட்டிய வட்ட அட்டைகளைச் சில்லறையாகப் புழங்கவிட்டது. என்னைக் கேட்டால் அந்த அட்டைதான் இன்னும் விசித்திரமான பணம்.

ராயபுரம் வாசி:
மிக்க நன்றி ஐயா. போர் முடிந்ததும் இவற்றை வைத்திருந்தவர்களுக்கு ஏதாவது கிடைத்ததா? இதை லேமினேஷன் செய்து வைக்கலாமா?

காசிமேடு:
குடியரசை எதிர்த்துப் போரிட்டு வென்ற தளபதி ஃபிராங்கோவின் தரப்பு, 1936 ஜூலை 18க்குப் பிறகு குடியரசு வெளியிட்ட வங்கி நோட்டுகளையே ஏற்கவில்லை. அப்படியிருக்க ஊர் நோட்டுக்கு யார் ஈடு கொடுப்பார்கள்? குடியரசுப் பகுதியில் உழைத்துச் சேர்த்தவர்களின் சேமிப்பு, 1939இல் வெறும் தாளாகிப் போனது. லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், சூட்டில் பசை தாளோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. கிழியும் மடிப்பில் செல்லோ டேப்பும் வேண்டாம். அமிலமில்லாத தாள் உறையில் மடிக்காமல் வைத்து, பின்பக்கம் மன்றத்தின் ரப்பர் முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். ஊரை உறுதிசெய்ய அவை உதவும்.