கோசோ தீவில் குடியேறலாமா? "கெடாத தீவு" என்பது சரியா?

வைகைக்கரையான்:
மார்ச் மாதம் நானும் மனைவியும் ஒன்பது நாள் கோசோவில் இருந்துவிட்டு வந்தோம். மால்டா நாட்டின் இரண்டாவது பெரிய தீவு, பரப்பு 67 சதுர கிலோமீட்டர்தான். மால்டாவின் வடகோடியில் சிர்க்கெவ்வாவில் கப்பல் ஏறினால் 25 நிமிடத்தில் இம்ஜார் துறை. போகும்போது டிக்கெட் கேட்பதில்லை, திரும்பும்போதுதான் காசு.

ஷாரா என்ற ஊரில் தங்கினோம். ஜிகன்தீயா கற்கோவில்கள் அங்கேதான் இருக்கின்றன. 5,500 ஆண்டுகளுக்கு முந்தையவை, எகிப்துப் பிரமிடுகளுக்கும் மூத்தவை. அங்கிருந்து ரம்லா கடற்கரைக்கு நடந்தே இறங்கினோம். படிப்படியாக வயல்கள், சப்பாத்திக்கள்ளி வேலி, வழியெல்லாம் மஞ்சள் பூ. கீழே செம்மணல். அவ்வளவு பெரிய கரையில் எங்களோடு சேர்த்து ஆறு பேர். இருபது வருட ஐரோப்பிய வாழ்க்கையில் மத்தியதரைக் கடலோரம் நிறைய ஊர் பார்த்திருக்கிறேன். கெடாமல் மிஞ்சியிருக்கும் தீவு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது, மூன்று வருடத்தில் ஓய்வு. அங்கே ஒரு வீடு வாங்கிக் குடியேற நினைக்கிறோம். அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

உப்புக்காற்று:
அண்ணா, நான் கோசோவில்தான் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, நான்கு வருடம் முடிந்துவிட்டது. உங்கள் மனம் நோகச் சொல்லவில்லை, ஆனால் "கெடாத தீவு" என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

நீங்கள் பார்த்தது மார்ச். குளிர்கால மழை முடிந்து எல்லாம் பச்சையாக இருக்கும் மாதம். ஜூனில் வந்திருந்தால் அதே வயல் வைக்கோல் நிறத்தில் கிடந்திருக்கும். ஆகஸ்ட் 15 மாதா திருவிழா வாரத்தில் வந்திருந்தால் சிர்க்கெவ்வாவில் கார்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

என் ஜன்னலுக்கு எதிரே ஒரு பழைய வீடு இருந்தது. சுண்ணாம்புக்கல் சுவர், நடுமுற்றத்தில் எலுமிச்சை மரம். இரண்டு வருடம் முன்பு இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே நான்கு மாடி. ஒரு வருடம் முழுக்கத் துணி காயப்போட முடியவில்லை, எல்லாவற்றிலும் மஞ்சள் தூசி. இது ஒரு தெருவின் கதை என்று நினைக்காதீர்கள். 2006ல் கட்டட எல்லைகளை விரித்தார்கள். பிறகு கோசோவில் வீடு வாங்குவோருக்கு முத்திரை வரியை 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகக் குறைத்த சலுகை பல வருடம் ஓடியது. மலைமேட்டு ஊர்களின் விளிம்பைப் பாருங்கள், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வெள்ளை பால்கனிகள் வரிசையாக நிற்கும்.

இன்னொன்று. உங்கள் பாஸ்போர்ட்டுக்குத் தெரியும் தீவு வேறு, என் வேலை அனுமதிக்குத் தெரியும் தீவு வேறு. என் அனுமதி முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் குறுகிய காலத்தில் வேறு இடம் தேட வேண்டும். முதல் வருடம் ஒரே அறையில் நான்கு பெண்கள் இருந்தோம், சுவரில் பூஞ்சை. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார். ஜனவரியில்!

கல்தச்சன்:
தங்கச்சி சொல்லும் அந்த மாடிகளைக் கட்டும் கிரேன்களுக்குக் கீழே நிற்பவன் நான். கட்டட மேற்பார்வை, மால்டாவில் மூன்று வருடம், கோசோவில் ஐந்து வருடம். தூசியைப் பற்றிச் சொன்னது உண்மை, மறுக்கவில்லை.

ஆனால் கோசோக்காரனுடைய பக்கத்தை இங்கே யாரும் பேசவில்லை. ஷாராவில் நடந்தபோது பழைய வீடுகளின் வாசலில் இருக்கும் கல்வெட்டுப் பலகைகளைப் பார்த்தீர்களா சார்? "ஆஸ்திரேலியா இல்லம்", "அமெரிக்காவை இறைவன் ஆசீர்வதிப்பாராக". சிலவற்றில் கங்காரு, சிலவற்றில் கழுகு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேலை இல்லாமல் ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா என்று கப்பலேறிப் போய், சம்பாதித்துத் திரும்பியவர்கள் கட்டிய வீடுகள் அவை. நீங்கள் ரசித்த அமைதிக்குப் பாதிக் காரணம் அந்த வெளியேற்றம். இன்றும் வேலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தினமும் விடியுமுன் கப்பல் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மால்டாவுக்கும் கோசோவுக்கும் இடையே கடலடிச் சுரங்கப்பாதை வேண்டும் என்று கேட்பவர்களில் அவர்களும் உண்டு. பெருங்காற்றடித்துக் கப்பல் நின்றால் பரீட்சை போய்விடும், மருத்துவமனை முறை போய்விடும். ஒன்பது நாள் வந்து போகிறவரின் அமைதிக்காக அவர்கள் காத்துக்கிடக்க வேண்டும் என்று கேட்பது நியாயமா?

வைகைக்கரையான்:
பலகைகளைப் பார்த்தேன், படம்கூட எடுத்தேன். இந்தக் கதை தெரியாது. நன்றி.

சுரங்கம் விஷயத்தில் மட்டும் உங்களோடு சேர முடியவில்லை. மால்டாவின் கிழக்குக் கரையை ஸ்லீமாவில் பார்த்தேன், கடலுக்கு எதிரே கட்டடச் சுவர். காரில் கால்மணி நேரத்தில் வர முடிந்தால் கோசோவும் அதன் புறநகர்தான். நாங்கள் போய்ப் பார்த்தது அங்கே கடல் குறுக்கே நிற்பதால் மிஞ்சியது. அதை எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. 2021ல் தலைநகர் வலெட்டாவிலிருந்து 45 நிமிட விரைவுப் படகு வந்துவிட்டதே, அதைப் பெருக்கலாம்.

துவெய்ராவையும் சொல்ல வேண்டும். அங்கே நின்ற பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் கடலுக்குள் விழுந்துவிட்டது. வெறும் இடத்தைப் பார்க்கத்தான் போனோம். ஆனாலும் மாலையில் அந்தக் குன்றுகளும் கடல் உள்ளே புகுந்து நிற்கும் அந்தக் குளமும்... மனைவி ஒரு மணி நேரம் பேசவே இல்லை. இபிசாவிலோ சாந்தோரினியிலோ எங்களுக்கு இது கிடைக்கவில்லை.

சூரிச்வாசி:
நாங்கள் போன ஆவணிக்குப் பிள்ளையளோட போனனாங்கள். கோசோ பரவாயில்லை, இரவில ஊர்ச் சதுக்கத்தில சனம் கதிரை போட்டுக் கதைச்சுக்கொண்டு இருக்கிறது நல்லாத்தான் இருந்தது. ஆனா இடையில இருக்கிற கொமினோவுக்குப் போய் அழாத குறை. மூன்றரைச் சதுரக் கிலோமீட்டர் தீவு அது. நீலக் குடாவில தண்ணி கண்ணாடி மாதிரி, ஆனா கால் வைக்க இடமில்லை. 2025ல இருந்து முன்பதிவு வைச்சிருக்கினம், ஒரே நேரத்தில 4,000 பேருக்கு மேல விடமாட்டினமாம். கட்டுப்பாடு வைச்ச பிறகே 4,000 எண்டால் முந்தி எப்பிடி இருந்திருக்கும்! "கெடாத இடம்" எண்டு ஒருக்கா பேர் எடுத்தால் வாற முடிவு இதுதான்.

உப்புக்காற்று:
கல்தச்சன் அண்ணா, கோசோக்காரருக்கு வீடும் வேலையும் வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? நீங்கள் கட்டும் மாடிகள் யாருக்குப் போகின்றன என்பதுதான் என் கேள்வி. எங்கள் இல்லத்தில் நர்ஸாக இருக்கும் கோசோப் பெண்ணுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம், இன்னும் அம்மா வீட்டில்தான். எதிர்வீட்டு நான்கு மாடியில் குளிர்காலம் முழுக்க ஒரே ஒரு ஜன்னலில்தான் விளக்கு எரிந்தது.

வைகைக்கரை அண்ணா, நீங்கள் கடல் காப்பாற்றியது என்கிறீர்கள். ஹொன்டொ குடாவுக்குப் போனீர்களா? ஆலா ஊருக்குக் கீழே, கொமினோவைப் பார்த்தபடி இருக்கும். ஹோட்டல், வில்லாக்கள், உல்லாசப் படகுத்துறை எல்லாம் கட்டத் திட்டம் போட்டார்கள். 2002ல் ஆலா மக்கள் வாக்கெடுப்பு நடத்தி வேண்டாம் என்றார்கள். 2016ல்தான் திட்டமிடல் ஆணையம் மறுத்தது. பதினான்கு வருடம்! இன்று நான் ஞாயிற்றுக்கிழமை அங்கே காசில்லாமல் குளிக்கிறேன் என்றால் அந்தச் சின்ன ஊர் விடாமல் நின்றதால்தான். "கெடாத தீவு" என்ற பேச்சில் இவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது. ஷ்வெய்னி உப்பளமும் அப்படித்தான். பாறையில் வெட்டிய பாத்திகளில் கோடை முழுக்கக் குனிந்து உப்பு வாரும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்கள் விட்டுவிட்டால் அது வெறும் பாறை.

வைகைக்கரையான்:
ஹொன்டொ போகவில்லை. இதைப் படித்ததும் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "கெடாத" என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன், தங்கை. ஆனால் போகும் எண்ணத்தை விடவில்லை. புதுக் கட்டடம் வேண்டாம், பழைய வீடு ஒன்றை எடுத்துச் சரிசெய்து குடியிருந்தால் அதுவும் கெடுப்பதாகுமா?

உப்புக்காற்று:
அந்த நர்ஸும் பழைய வீடுதான் தேடுகிறாள் அண்ணா. உங்கள் யூரோவோடு அவளால் போட்டிபோட முடியாது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானும் வந்தேறியவள்தான். வாங்குவதற்கு முன் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். கிரிகால் என்கிற வடகிழக்குக் காற்று அடிக்கும் வாரத்தில் வீட்டுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு இருந்து பாருங்கள். பிறகு பேசுவோம்.

கல்தச்சன்:
சார், எப்படியும் வீடு பார்ப்பீர்கள், அதனால் தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். முதலில் தரைக்கு அடியில் கிணறு இருக்கிறதா என்று கேளுங்கள். ஊற்றுக்கிணறு இல்லை, மொட்டைமாடி மழைநீரைப் பிடிக்கப் பாறையில் குடைந்த தொட்டி. இங்கே "பீர்" என்பார்கள். ஆறே இல்லாத நாடு இது. குழாயில் வருவதில் பெரும்பங்கு கடல்நீரைச் சுத்திகரித்தது. பழைய வீட்டில் பீர் கட்டாயம் இருக்கும், மூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பாருங்கள். புதுக் கட்டடத்திலும் சட்டப்படி இருக்க வேண்டும். பல இடங்களில் அடித்தளத்தைக் கார் நிறுத்தக் கொடுத்துவிட்டு, தொட்டியைப் பேருக்குச் சின்னதாக வைக்கிறார்கள். நவம்பரில் ஒரு மழை பெய்தால் மொட்டைமாடித் தண்ணீரெல்லாம் தெருவில் இறங்கிப் பள்ளத்தாக்கு வழியாகக் கடலுக்குப் போகிறது. அப்படி இரண்டு கட்டடத்தை நானே முடித்துச் சாவி கொடுத்திருக்கிறேன். தங்கச்சி சொன்ன அந்த நான்கு மாடி எந்தத் தெரு என்று தனிமடலில் சொல்லுங்கள்.