[கலைச்சொல்] ‘ரெம்’ தூக்கத்துக்குத் தமிழ்ச் சொல்? வெள்ளிக்குள் வேண்டும்

தேவகோட்டை ஆசிரியர், திங்கள் மாலை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காரைக்குடியில் பெரியவர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் தூக்கம் பற்றிப் பேசுகிறேன். கையில் கொடுக்க ஒரு துண்டறிக்கை தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

நம் பக்கத்து ஆச்சிமார், ஐயாமார் பலர் கையில் இப்போது ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் வாங்கி அனுப்பியது. விடிந்ததும் அதைப் பார்த்துவிட்டு, ‘டீப் கொறைஞ்சு போச்சாம்’ என்று நாள் முழுவதும் கவலைப்படுகிறார்கள். திரையில் வரும் நான்கு சொற்களையும் தமிழில் விளக்க வேண்டும்: அவேக், லைட், டீப், ரெம். விழிப்பு, லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம் என்று மூன்றை எழுதிவிட்டேன். ரெம்மில் நிற்கிறேன். ‘விரைவான கண் இயக்கத் தூக்கம்’ என்பது எண்பது வயது ஆச்சி வாயில் நுழையாது. உதவுங்கள்.

குன்றக்குடிப் புலவர், திங்கள் இரவு

ஆசிரியர் அம்மாவுக்கு, முதலில் ‘தூக்கம்’ என்பதை எடுத்துவிடுங்கள். தூங்குதல் என்றால் தொங்குதல், அசைதல், காலம் தாழ்த்துதல். தூக்கணாங்குருவி உறங்குவதால் அந்தப் பெயர் பெறவில்லை, கூட்டைத் தொங்கவிடுவதால் பெற்றது. வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் ஓசை. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்ற குறளுக்கு யாராவது படுத்துக்கொள் என்று பொருள் சொல்வார்களா? கண்மூடிக் கிடப்பதற்கு உறக்கம், துயில், துஞ்சல் என்று மூன்று நல்ல சொற்கள் இருக்கின்றன.

இரண்டாவது, புதுச்சொல்லே தேவையில்லை. சைவ சித்தாந்தம் ஐந்து அவத்தைகளை, அதாவது உயிர் நிற்கும் நிலைகளைச் சொல்கிறது: நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல். உங்கள் ரெம் என்பது கனவு. டீப் என்பது சுழுத்தியாகிய உறக்கம். வேலை முடிந்தது.

காரைக்குடி மருத்துவர், செவ்வாய் காலை

ஐயா, அவத்தை வரிசை நனவிலிருந்து கனவுக்கும், கனவிலிருந்து உறக்கத்துக்கும் இறங்குகிறது. இரவு அப்படிப் போவதில்லை. முதலில் மேலோட்டமான தூக்கம், அப்புறம் ஆழ்ந்தது, மறுபடி மேலே வந்து ரெம். ஒரு சுற்றுக்குச் சராசரியாக 90 நிமிடம். ஒரு இரவில் நான்கு முதல் ஆறு சுற்று. ஆழ்ந்த பகுதி முன்னிரவில் அதிகம், ரெம் விடியலை ஒட்டி நீளும். மூளை அலைகளை வைத்து ஆய்வகத்தில் பிரித்த பகுப்பு இது. அனுபூதி நிலைகளை இதோடு ஒட்டினால் இரண்டுக்குமே நியாயம் செய்ததாகாது.

ரெம்மை 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற ஆய்வாளர்கள் விவரித்தார்கள். மூடிய இமைக்குள் கண் சட்சட்டென்று பாய்கிறது. மூளை அலைகள் கிட்டத்தட்ட விழித்திருப்பவருடையது போல் இருக்கின்றன, ஆனால் கைகால் தசைகள் தளர்ந்து கிடக்கின்றன. அதனால்தான் பிரான்சின் தூக்க ஆய்வாளர் ழூவே அதற்கு ‘முரண் தூக்கம்’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். ‘கனவு’ என்று மட்டும் வைத்தால் சிக்கல்: தெளிவான, நீண்ட கனவுகள் ரெம்மில்தான் அதிகம் என்றாலும் மற்ற நிலைகளிலும் கனவு வரும்.

பள்ளத்தூர் ஆச்சி, செவ்வாய் மதியம்

டாக்டர் தம்பி, 90 நிமிடம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். மூன்றேமுக்கால் நாழிகை ஒரு முகூர்த்தம். அது சரியாக 90 நிமிடம்! இரண்டு முகூர்த்தம் ஒரு சாமம். சுற்றுக்கு ‘அரைச்சாமம்’ என்றே பெயர் வைக்கலாமே. நம் கல்யாண வீடுகளில் இந்தக் கணக்குத் தெரியாதவர் யார்?

புலவர் ஐயா ‘தூங்கு’வை விரட்டுவதை ஏற்க மாட்டேன். பிள்ளையைத் தூளியில் தொங்கவிட்டால் உறங்கிவிடும். தொங்குதலும் உறங்குதலும் ஒரே சொல்லில் சேர்ந்தது தொட்டிலில்தான் என்பது என் நெடுநாள் நம்பிக்கை. தமிழகம் முழுக்கத் தாய்மார் ‘தூங்கு கண்ணே’ என்று சொல்லிக்கொண்டிருக்க, துண்டறிக்கை மட்டும் ‘துஞ்சுக’ என்றால் ஊரில் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். துஞ்சினார் என்றால் இறந்தார் என்றும் பொருள் உண்டு.

ரெம்முக்கு ‘கண்ணோட்டத் தூக்கம்’ என்று முதலில் தோன்றியது. குறளில் கண்ணோட்டம் இரக்கம், இன்றைய பேச்சில் பார்வைக்கோணம். ஆகாது. ‘உருள்விழித் தூக்கம்’ எப்படி?

கண்டனூர்க்காரர், சிங்கப்பூரிலிருந்து, செவ்வாய் இரவு

நான் மென்பொருள் பக்கம். வாட்ச் திரையில் ஒரு சின்னச் சொல்லுக்குத்தான் இடம். ‘விழி’, ‘கனவு’ மாதிரி இருந்தால் நல்லது. இன்னொன்று: இரவுக் கணக்கு முழுவதையும் காட்டும் பக்கத்துக்குத் ‘தூக்கச் சிட்டை’ என்று வைக்கலாமா? கொண்டுவிற்ற, அதாவது வணிகம் செய்த வீட்டுப் பிள்ளைகள் நாம். பேரேடும் சிட்டையுமாகிய கணக்கேடுகளை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

குன்றக்குடிப் புலவர், புதன் காலை

சிட்டை வடக்கிலிருந்து வந்த சொல். ‘துயிலேடு’ என்க.

காரைக்குடி மருத்துவர், புதன் காலை

ஆச்சி, உருள்விழி அழகான சொல். ஆனால் கண் மெதுவாக உருள்வது தூக்கம் பிடிக்கத் தொடங்கும் முதல் நிலையில். ரெம்மில் அது துள்ளுகிறது. ‘துடிவிழி’ என்று நானே யோசித்தேன். வலக்கண் துடித்தால் என்ன, இடக்கண் துடித்தால் என்ன என்று சகுனம் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள், விட்டுவிட்டேன்.

உண்மையில் எனக்கு ரெம்மை விடப் பெரிய கவலை டீச்சர் முடித்துவிட்டதாகச் சொன்ன ‘லேசான தூக்கம்’. லேசு என்றால் அரைகுறை என்றுதான் கேட்பவர் காதில் விழும். வாட்ச் ‘லைட்’ என்று ஒன்றாகச் சேர்ப்பது ஆழ்ந்த தூக்கத்துக்கு முந்தைய முதல் நிலையையும் இரண்டாம் நிலையையும். இரண்டாம் நிலை மட்டுமே இரவில் ஏறக்குறையப் பாதி. நினைவுகள் நிலைபெறுவதில் அதற்குப் பங்குண்டு. அது குறையல்ல, தூக்கத்தின் உடம்பே அதுதான். வயதாக ஆக ஆழ்ந்த தூக்கம் தானாகவே குறையும். எழுபது வயதுக்காரர் இருபது வயதுப் பேரன் எண்ணோடு தன் எண்ணை ஒப்பிட்டு அழக்கூடாது. அதனால் ‘இடைத் தூக்கம்’ என்று மாற்றுங்கள்.

வாட்ச் மூளை அலையை அளப்பதில்லை என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள். பச்சை ஒளி பாய்ச்சி நாடியைப் பார்க்கிறது, கை அசைவைப் பார்க்கிறது, ஊகிக்கிறது. பட்டாலையில் அசையாமல் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் தூங்கியதாக எழுதிவிடும். தூங்கினோமா விழித்திருந்தோமா என்பதை விட, எந்த நிலை என்பதில்தான் அதன் ஊகம் அதிகம் தடுமாறும். உரக்கக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறினால் வாட்ச் எவ்வளவு நல்ல மதிப்பெண் கொடுத்தாலும் மருத்துவரிடம் வர வேண்டும்.

போகிற போக்கில் ஒரு கேள்வி. இரண்டாம் நிலையில் அரை நொடி, ஒரு நொடி அளவில் தோன்றி மறையும் அலைக்கொத்து ஒன்று உண்டு. நூல் சுற்றிய கருவி போல நடுவில் பருத்து இரு பக்கமும் மெலியும். அதற்கு?

பள்ளத்தூர் ஆச்சி, புதன் மதியம்

கதிர்! நூல் நூற்கும் கதிர். கண்டாங்கிச் சேலை நெய்யும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா தம்பி? ‘கதிரலை’.

குன்றக்குடிப் புலவர், புதன் மதியம்

கதிரலை மிகச் சிறப்பு. மறுப்பில்லை.

தேவகோட்டை ஆசிரியர், புதன் இரவு

எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே சொல் என் துண்டறிக்கையில் வரவே வராத சொல். சரி, இடைத் தூக்கத்தை எடுத்துக்கொள்கிறேன், டாக்டர் சொன்ன காரணம் மனதில் ஆழமாகப் பதிந்தது. ஒரே நேரத்தில் எழுவது, மாலைக்குப் பின் காபியைத் தவிர்ப்பது, பகல் தூக்கத்தைச் சுருக்குவது எல்லாம் தனிப் பக்கத்தில் இருக்கின்றன. ரெம்முக்குக் ‘கனவுத் தூக்கம்’, ‘விழியசைவுத் தூக்கம்’ இரண்டில் எது? நாளைக்குள் சொல்லுங்கள்.

கண்டனூர்க்காரர், வியாழன் காலை

கனவு. கேட்டதும் புரிகிறது, திரையிலும் அடங்குகிறது.

பள்ளத்தூர் ஆச்சி, வியாழன் காலை

கனவுதான். ‘துஞ்சுங்கால் தோள்மேலர் ஆகி’ என்று வள்ளுவர் பாடிய தலைவி எந்த நிலையில் இருந்தாள் என்று யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் அரைச்சாமத்தை யாரும் கண்டுகொள்ளவில்லையே.

காரைக்குடி மருத்துவர், வியாழன் மதியம்

ஆச்சி, 90 சராசரிதான். ஒருவருக்கே ஒரு சுற்று 70 நிமிடத்திலும் இன்னொன்று 120 நிமிடத்திலும் முடியலாம். அரைச்சாமம் என்றால் அலாரம் வைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ரெம்முக்கு என் ஓட்டு விழியசைவுக்கு. தோற்றாலும் பரவாயில்லை, மற்ற நேரத்திலும் கனவு வரும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

தேவகோட்டை ஆசிரியர், வியாழன் இரவு

கனவுத் தூக்கம் என்றே போடுகிறேன். முதல் முறை வருமிடத்தில் ‘இமைக்குள் கண் துள்ளும் நேரம்’ என்ற விளக்கமும், டாக்டர் கேட்ட வரியும் உண்டு. சுற்றுக்குச் ‘சுற்று’ என்றே. நன்றி.

குன்றக்குடிப் புலவர், வெள்ளி காலை

அச்சுக்குப் போவதைத் தடுக்கவில்லை. ஆனால் என் கருத்தில் மாற்றமில்லை: அது ‘கனவுறக்கம்’. தொகை இறுகி நிற்கிறது, எழுத்தும் குறைவு, கண்டனூர்த் தம்பியின் திரையிலும் அடங்கும். அடுத்த பதிப்புக்காவது எடுத்துக்கொள்ளுங்கள். ‘இடைத் தூக்கம்’ பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது, தனி இழையில் வருகிறேன்.