மறு: ஆர்பிஜி கமராச் சொற்கள் – கண் எங்கே நிற்கிறது?

வணக்கம்.

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக இருந்து விளையாடும் கேம்களில், கமரா நின்று பார்க்கும் விதங்களுக்கு ஐயா அனுப்பிய தமிழ்ச் சொற்பட்டியலை இரண்டு தரம் வாசித்தேன். பெரும்பாலானவை நல்ல சொற்கள். ஆனால் முதல் இரண்டு வரியில் எனக்குப் பெரிய தடை இருக்கிறது, அதைச் சொல்லாமல் மற்றவற்றுக்குப் போக மனம் வரவில்லை.

> ஃபர்ஸ்ட் பெர்சன் வியூ – தன்மைப் பார்வை. தேர்ட் பெர்சன் வியூ – படர்க்கைப் பார்வை. இலக்கணத்தில் ஏற்கெனவே இருப்பதால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஐயா, தன்மை, முன்னிலை, படர்க்கை எல்லாம் பேச்சுக்கு உரியவை. பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், பேசப்படுகிறவர் யார் என்பதைப் பிரித்துக் காட்டுகிறவை. கமரா பேசுவதில்லை, ஓர் இடத்தில் நின்று பார்க்கிறது, அவ்வளவுதான். ஸ்கைரிம் (2011) கேமைக் கணினியில் விளையாடும்போது எஃப் விசையை அழுத்தினால் கண் தலைக்குள்ளிருந்து கழன்று முதுகுக்குப் பின்னால் போய் நிற்கும். விளையாடுகிறவர் மாறவில்லை, பாத்திரமும் மாறவில்லை, ஊருக்குள் எதிர்ப்படும் ஆள் விசையை அழுத்த முன்னும் "நீ" என்றுதான் பேசினார், அழுத்திய பிறகும் "நீ" என்றுதான் பேசுகிறார். என் முதுகு எனக்குத் தெரிகிறது என்பதற்காக நான் "அவன்" ஆகிவிடுவதில்லையே. தமிழில் புதிதாக ஒரு சொல் வைக்கப்போகிறோம், அதில் ஏன் தொடக்கத்திலேயே ஒரு குழப்பத்தை வைக்க வேண்டும்?

போன கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் பத்தாம் வகுப்பு. அவன் இந்தக் கேமைத்தான் விளையாடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, இது என்ன, அது என்ன என்று வேண்டுமென்றே கேட்டேன், அவன் வாயில் என்ன சொல் வருகிறது என்று பார்க்க. அவன் சொன்னது இது: "மாமா, இதை அமத்தினா ஆளுக்குள்ள போகலாம். திருப்பி அமத்தினா ஆளுக்குப் பின்னால வந்திரலாம்." அவனுக்கு இலக்கணம் நினைவுக்கு வரவில்லை, இடம்தான் வந்தது. உள்ளே, பின்னால். எனக்கு அந்த நேரமே பட்டது, நாம் வைக்கிற சொல்லும் கண் நிற்கும் இடத்தைத்தான் சொல்ல வேண்டும் என்று.

அவன் சொன்னதை அப்படியே சொல்லாக்கலாமா என்று முயன்று பார்த்தேன், சரிவரவில்லை. உள்நோக்கு என்றால் உள்நோக்கம் என்ற சொல் குறுக்கே வந்து யாரோ சூழ்ச்சி செய்வது போலாகிறது. பின்னோக்கு என்றால் பின்னோக்கிப் போவது. ஆகவே முதலாவதற்குக் கண்வழி நோக்கு, இரண்டாவதற்குப் பின்தொடர் நோக்கு என்று முன்வைக்கிறேன். பாத்திரத்தின் கண்வழியாகவே பார்ப்பது ஒன்று, பாத்திரத்தைத் தொடர்ந்து போய்ப் பார்ப்பது மற்றது. விளக்கம் கேட்காமலே விளங்கும் என்று நம்புகிறேன்.

இவை இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கூத்தை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். வடமோடிக் கூத்தில் கரப்புடுப்பு என்ற விரிந்த உடுப்பும் முடியும் கட்டிக்கொண்டு களரிக்கு, அதாவது ஆடுகளத்துக்கு, வருகிற அரசனுக்குத் தன் வேடம் தெரியாது. சுற்றி நிற்கும் சனமும் எதிரில் ஆடுகிறவரும் காலடி மண்ணும்தான் அவர் கண்ணில் படும். வேடத்தின் அழகு முழுக்கப் பார்க்கிற சனத்துக்கு. சைபர்பங்க் 2077 (2020) கேமில் முகம், முடி, உடுப்பு என்று மணிக்கணக்காக இருந்து பாத்திரத்தை அலங்கரிக்கலாம், ஆனால் நடந்து திரியும்போது கண்வழி நோக்கு மட்டும்தான், கண்ணாடி முன்னால் போய் நின்றால் முகத்தைக் காணலாம், வண்டி ஓடும்போது வேண்டுமானால் கண்ணை வெளியே எடுக்கலாம். தி விட்சர் 3 (2015) இதற்கு நேர் எதிர், அதில் எப்போதும் பின்தொடர் நோக்கு. வேடம் கட்டியவரின் கண்ணா, களரியைச் சுற்றி நிற்கிறவரின் கண்ணா என்பதுதான் இங்கே கேள்வி. இரண்டிலும் ஆடுவது நாம்தான்.

களரி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வட்டக்களரியில் எந்தப் பக்கத்தில் நின்றும் பார்க்கலாம். படச்சட்ட மேடையில் ஒரு பக்கத்தில் இருந்து மட்டும்தான். ஃபைனல் ஃபேன்டசி 7 (1997) கேமில் ஊர்களும் வீடுகளும் முன்கூட்டியே வரைந்து முடித்த படங்கள், அதனால் கமராவை நாம் திருப்ப முடியாது, வரைந்தவர் வைத்த இடத்தில் இருந்துதான் பார்த்தாக வேண்டும். அது படச்சட்ட மேடை. அதற்குப் பட்டியலில் இருக்கும் நிலைநோக்கு நல்ல சொல், மாற்ற வேண்டாம். பாத்திரத்தை நடுவில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்க்க விடும் கமராவுக்கு மட்டும் களரிச் சுற்று என்று வைக்கலாமா? இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, சுற்றுநோக்கு என்றாலும் சரி.

இனி ஐசோமெட்ரிக், அதாவது களத்தை மேலிருந்து சாய்வாகக் காட்டுவது. இதற்காகத்தான் உண்மையில் இந்த மடலை எழுதத் தொடங்கினேன்.

> சமவளவுப் பார்வை என்பதே துல்லியம். தொழில்நுட்ப வரைதலில் பயன்படுகிற சொல்.

துல்லியம் என்பதுதான் இங்கே இடிக்கிறது. உண்மையான சமவளவு வரைதலில் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று 120 பாகையில் நிற்கும், தரைக்கோடு 30 பாகை சாய்ந்து போகும். பழைய கேம்களில் 30 பாகைக் கோட்டைத் திரையில் போட்டால் படிக்கட்டு ஒழுங்கில்லாமல் கோணலாகத் தெரியும், ஆகவே குறுக்கே இரண்டு புள்ளி, கீழே ஒரு புள்ளி என்று வரைந்தார்கள். அது ஏறக்குறைய 26.6 பாகை. அப்படியென்றால் மூன்று அளவும் சமம் என்பது போய்விட்டது. ஃபால்அவுட் (1997) இன்னும் தள்ளி, அதில் மூன்று அச்சுக்கும் மூன்று அளவு. ஆனாலும் உலகம் முழுக்க அதையும் ஐசோமெட்ரிக் என்றே சொல்கிறார்கள். அவர்களுக்கு அது பழக்கத்தில் வந்துவிட்ட பெயர், நமக்கு அந்தப் பழக்கம் இல்லை, சமவளவு என்று எழுதினால் வாசிக்கிறவர் எது சமம் என்று தேடுவார், அங்கே சமமாக ஒன்றும் இருக்காது.

என் முன்மொழிவு பரண் நோக்கு.

படுவான்கரையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. வேளாண்மை கதிர் தள்ளும் காலத்தில் அப்பாவோடு காவலுக்குப் போவேன். மருதமரத்துக் கவரில் தடி கட்டி, மேலே வைக்கோல் போட்ட பரண். இரவில் ஒன்றும் தெரியாது, யானை வருகிற சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருப்போம், வெடி கையில் இருக்கும். விடியும்போதுதான் பார்க்க வேண்டும். கீழே வரம்பில் நடந்தால் வயல் என்பது முன்னால் இருக்கிற பச்சை மட்டும்தான். பரணில் இருந்தால் வரம்புகள் சாய்ந்து சாய்ந்து ஒவ்வொரு வயலும் வைரக் கட்டம் போலத் தெரியும், இரவு யானை எந்த வரம்பை உடைத்துக்கொண்டு எந்தப் பக்கத்தால் போனது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடலாம், மூலையில் அப்பா குனிந்து தண்ணீர் கட்டுவதும் முழு ஆளாகத் தெரியும். தலையும் தெரியும், காலும் தெரியும், அவர் நிற்கிற நிலமும் தெரியும்.

பல வருடங்களுக்குப் பிறகு பால்டர்ஸ் கேட் (1998) கேமை முதன்முதல் திறந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தக் காலைதான். ஆறு பேரை ஒரே நேரத்தில் நடத்த வேண்டும், யார் எங்கே நிற்கிறார், மந்திரம் போட்டால் யார் மேல் விழும் என்று தெரிய வேண்டும். தலைக்குள் இருந்து பார்த்தால் அது நடக்காது, நேர் உச்சியில் இருந்து பார்த்தால் ஆட்கள் வெறும் மொட்டைத் தலைகளாகிவிடுவார்கள். காவல் காக்கிறவருக்கு வேண்டிய அதே சாய்வான உயரம்தான் அங்கே வேண்டும்.

பரண் என்பது நூறுக்கு நூறு பொருந்துகிறதா என்றால் இல்லை. பரணில் இருந்து பார்த்தாலும் தூரத்து ஆள் சிறிதாகத்தான் தெரிவார், அந்தக் கேம்களில் தூரமும் கிட்டமும் ஒரே அளவு. அதனால்தான் அப்படியான பல கேம்களில் ஒரே படத்துண்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, குறைந்த நினைவகத்தில் பெரிய உலகத்தைக் காட்ட முடிந்தது. அந்த வரைமுறையைச் சொல்ல வேண்டிய இடத்தில் புவியியலில் படித்த எறியம் (புரொஜெக்ஷன்) என்ற சொல் இருக்கிறது, இணை எறியம் என்று தனியாக எழுதலாம். விளையாடுகிறவருக்கு வேண்டியது கண்ணின் இடம், அதற்குப் பரண் போதும்.

சென்னை நண்பர் ஒருவர் பரண் என்றால் வீட்டுக்குள் பழைய சாமான் போடுகிற இடம்தான் நினைவுக்கு வரும் என்கிறார். உண்மைதான். ஆனால் தினைப்புனத்தில் பரண் மேலிருந்து கிளி ஓட்டும் பெண்ணைக் குறிஞ்சிப் பாட்டு வாசித்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேர்ந்து சொல் தேடுவது எங்களுக்குப் புதிதில்லை, ஆகவே வயற்பரணையும் உங்களிடம் தயங்காமல் தருகிறேன். இதற்கே அக்கரைப்பற்று அக்கா எழுதிய சாய்வுநோக்கு தவறில்லை, ஆனால் சாய்வு மட்டும் சொன்னால் உயரம் விடுபட்டுப் போகிறது.

நேர் மேலிருந்து, கரம் போர்ட்டில் குனிந்து பார்ப்பது போல இருப்பதற்கு உச்சிநோக்கு. அதில் எல்லோரும் ஒத்துப்போய்விட்டோம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது எக்ஸ்புளோரேஷன் வியூ, அதாவது சண்டை இல்லாமல் இடங்களைச் சுற்றிப் பார்க்கும்போது வரும் திரை. பட்டியலில் "தேடல் பார்வை" என்று இருக்கிறது. தேடல் என்றால் இப்போது எல்லோருக்கும் இணையத்தில் தேடுவதுதான், உலாவலை உலாவி எடுத்துக்கொண்டது, ஆய்வு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. பள்ளிக்கூட வரலாற்றில் வாஸ்கோ ட காமா, கொலம்பஸ் பாடத்துக்கு என்ன தலைப்புப் போட்டிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நாடுகாண் பயணங்கள். அங்கேயே சொல் கிடக்கிறது. நாடுகாண் காட்சி என்று வைப்போம்.

இங்கே ஏன் நோக்கு என்று சொல்லாமல் காட்சி என்கிறேன் என்றால், இரண்டையும் பிரித்து வைக்காவிட்டால் பழைய கேம்களைப் பற்றித் தமிழில் ஒரு வரி கூட ஒழுங்காக எழுத முடியாது. பூல் ஆஃப் ரேடியன்ஸ் (1988) கேமில் தெருவில் நடக்கும்போது கண்வழி நோக்கு. சண்டை என்று வந்தால் திரை மாறி, களத்தை மேலிருந்து சாய்வாகக் காட்டும். அல்டிமா (1981) கேமில் வெளியே நடந்தால் உச்சிநோக்கு, நிலவறைக்குள் இறங்கினால் கண்வழி நோக்கு. ஆகவே எந்த வேலைக்கான திரை என்பது காட்சி: நாடுகாண் காட்சி, போர்க்காட்சி. அந்தத் திரையில் கண் எங்கே நிற்கிறது என்பது நோக்கு. "பூல் ஆஃப் ரேடியன்ஸில் நாடுகாண் காட்சி கண்வழி நோக்கிலும் போர்க்காட்சி பரண் நோக்கிலும் அமைந்தவை" என்று எழுதிப் பார்த்தேன், வாக்கியம் தடக்காமல் ஓடுகிறது. பார்வை என்ற சொல்லை இந்தப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டால் நல்லது, அது இரண்டு பக்கமும் இழுபடுகிறது.

கண்வழி நோக்கிலேயே இன்னொரு பிரிவு வேண்டும், பட்டியலில் அது விடுபட்டிருக்கிறது. விசார்ட்ரி (1981), டஞ்சன் மாஸ்டர் (1987) போன்றவற்றில் ஒரு விசைக்கு ஒரு கட்டம் முன்னால் போவோம், திரும்பினால் ஒரேயடியாக 90 பாகை. அல்டிமா அண்டர்வேர்ல்ட் (1992) வந்தபோது விரும்பிய பக்கம் வழுக்கிக்கொண்டு போக முடிந்தது, மேலேயும் கீழேயும் பார்க்கவும் முடிந்தது. இந்த இரண்டுக்கும் நன்னூல் சொல் வைத்திருக்கிறது. சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று எப்படி வருகின்றன என்பதற்கு ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என்று நாலு உவமை. கட்டம் கட்டமாகத் தாவுவது தவளைப் பாய்த்து, தடையில்லாமல் போவது ஆற்றொழுக்கு. பாய்த்து நடை, ஒழுக்கு நடை என்று சுருக்கிக்கொள்ளலாம். மற்ற இரண்டையும் கமராவுக்கு ஏற்ற முடியும், ஆள் திரும்பாமல் கண் மட்டும் திரும்புவதை அரிமா நோக்கம் என்றும் மேலிருந்து ஒரு புள்ளிக்கு இறங்குவதைப் பருந்தின் வீழ்வு என்றும் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலையும் எடுத்தால் விளக்கவுரை இல்லாமல் யாரும் வாசிக்க முடியாது. இரண்டோடு நிறுத்துவோம்.

வரைபடத்தில் போகாத இடம் கறுப்பாகவும், போய்விட்டு வந்த ஆனால் இப்போது கண்ணில் இல்லாத இடம் மங்கலாகவும் இருக்குமே, அதற்குப் "போர்மூடுபனி" என்று போட்டிருக்கிறது. அங்கே போரும் இல்லை, பனியும் இல்லை. காணா நிலம், கண்ட நிலம் என்று இரண்டாகப் பிரித்தால் போதும்.

தோளுக்கு மேலால் கிட்ட நின்று பார்ப்பதை மட்டும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பின்தொடர் நோக்குக்குள் அடக்குவதா, தோள்மேல் நோக்கு என்று தனியாகக் கொடுப்பதா? வில்லால் குறிபார்க்கும்போது கண் அந்த இடத்துக்கு வருகிற கேம்கள் பல இருப்பதால் தனியாகக் கொடுக்கலாம் என்ற பக்கம்தான் சாய்கிறேன்.

அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் பக்கத்து வட்டைகளில் (வயல்வெளிகளில்) காவலுக்கு மரத்தில் கட்டுவதைப் பரண் என்றுதான் சொல்கிறார்களா, வேறு சொல் வழங்குகிறதா? வயல் செய்கிற பெரியவர்கள் யாரிடமாவது கேட்டு, பட்டியலை அனுப்ப முன்னம் எழுதுங்கள்.