புதுப்பிப்பு: பாக்கெட்டில் வைக்கச் சிறிய ரிவால்வர் – வாங்கிவிட்டேன்

மறைத்து எடுத்துச் செல்ல எடை குறைந்த ரிவால்வர் எது என்று கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி. ‘முதலில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது.

நான் ஆசைப்பட்டது சுமார் 330 கிராம் எடையுள்ள, ஸ்காண்டியம் என்ற உலோகம் கலந்த, .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடும் ரிவால்வர். ஹூஸ்டன் சுடுதளத்தில் நான்கு முறை சுட்டதும் உள்ளங்கை எரிந்தது. எதிர்பாராதது அடுத்து நடந்தது: உதைப்பின் வேகத்தில் ஐந்தாவது தோட்டாவின் குண்டு அதன் உலோகக் கூட்டிலிருந்து முன்னே நகர்ந்து, தோட்டாக்கள் இருக்கும் உருளையைச் சுழலவிடாமல் செய்துவிட்டது. துப்பாக்கி இவ்வளவு இலேசானால் இப்படியும் நடக்குமாம்!

வாங்கியது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642: .38 ஸ்பெஷல் (.357-ஐ விட வலு குறைந்த தோட்டா), 5 தோட்டாக்கள், சுமார் 410 கிராம். தோட்டாவைத் தட்டிச் சுடவைக்கும் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் துணியில் சிக்காது. பயிற்சிக்கு 148 கிரெயின் (சுமார் 9.6 கிராம்) குண்டுள்ள, தட்டை முனை ‘வாட்கட்டர்’ தோட்டா இதமாக இருக்கிறது. சுடும் விசையை இழுக்கத்தான் பலம் வேண்டும், விரல் இன்னும் பழகவில்லை. விசையை மூடும் பாக்கெட் உறையும் வாங்கினேன்.