புதுப்பிப்பு: கித்துல்கலைக்கு எந்த லைஃப் ஜாக்கெட்?

கித்துல்கலையில், களனி கங்கையில் ராஃப்டிங் (பாய்ந்தோடும் ஆற்றில் ரப்பர் படகில் போவது) போக, வாவித் தோணியில் போடும் பழைய ஜாக்கெட்டே காணுமா என்று முன்பு கேட்டிருந்தேன். காணாது. நுரை பொங்கும் தண்ணீரில் காற்றுக் கலந்திருப்பதால் அந்தத் தண்ணீர் ஆளைக் குறைவாகத்தான் தாங்கும். ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்கும் விசையை நியூட்டனில் சொல்வார்கள்; பெரியவர்களுக்கு 50 நியூட்டன் அடிமட்ட அளவு. நான் 70 எடுத்தேன். காற்றடைத்து விரியும் வகையைத் தம்பி ஒருவர் சொல்லியிருந்தார். பாறையில் உரசிக் கிழிந்தால் கதை முடிந்தது, ஃபோம்தான் சரி.

ஆனால் நியூட்டனைவிட உடம்புக்குப் பொருந்துவதுதான் பெரிய விஷயம். பக்கப் பட்டிகளைக் கீழிருந்து மேலாக இறுக்கி, தோள்பட்டியைக் கடைசியில் இழுத்துவிட்டு, மச்சானிடம் தோளைப் பிடித்துத் தூக்கச் சொன்னேன். முதல் ஜாக்கெட் காதுவரை ஏறி மூக்கையே மூடிவிட்டது! அடுத்தது அசையவில்லை. மட்டக்களப்பில் கல்லடிப் பக்கம் வாவியில் இறங்கியும் பார்த்தாச்சு. துடுப்புப் போடும்போது கை ஜாக்கெட்டில் இடிக்கவில்லை.

ராஃப்டிங் நடத்துபவர்களே ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் தருவார்கள்தான். அதையும் இப்படித் தூக்கிப் பார்த்தே போடுங்கள்.

பிள்ளைகளுக்குக் கேட்ட அக்காவுக்கு: வளருவான் என்று பெரிய சைஸ் வாங்க இது பள்ளிச் சப்பாத்து இல்லை. இன்றைய எடைக்கு எடுங்கள், கால்களுக்கு இடையால் போகும் கவட்டுப் பட்டியும் இருக்கட்டும்.